பரிணாமம், இனக்கூட்டம், சூழல் மண்டலம்: எந்த வரிசையில் படித்தால் பிடிபடும்?

பாடநூலில் இவை மூன்றும் தனித்தனி அலகுகள். மாணவர்கள் முதலில் பரிணாமத்தைப் படிக்கிறார்கள், சில மாதம் கழித்துச் சூழலியலைப் படிக்கிறார்கள், இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்ற நினைப்போடு தேர்வுக்குப் போகிறார்கள். தவறுகளைத் திருத்தித் திருத்தி எனக்கு உறுதியான ஒன்று உண்டு: முக்கால்வாசிக் குழப்பத்துக்குக் காரணம், இனக்கூட்டம் என்றால் என்ன என்று தெளியும் முன்பே இயற்கைத் தேர்வுக்குள் நுழைவதுதான். எனவே இந்த வழிகாட்டி இனக்கூட்டத்தில் தொடங்குகிறது. அதிலிருந்து ஒரு பக்கம் பரிணாமத்துக்கும், மறுபக்கம் சூழல் மண்டலத்துக்கும் போகலாம். படிகளை மாற்றிப் போடாதீர்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மெண்டலின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும்: ஒரு மரபணுவுக்குப் பல வடிவங்கள் (அல்லீல்கள்) இருக்கலாம், இருமய உயிரி ஒவ்வொன்றும் இரண்டு அல்லீல்களைச் சுமக்கிறது, வெளியே தெரியும் பண்பு வேறு, உள்ளே இருக்கும் ஜீனோடைப் (அல்லீல்களின் சேர்க்கை) வேறு. இதில் தயக்கம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

கணக்கில் மூன்றே தேவை: பின்னத்தைத் தசமமாக்குவது, இரண்டு உறுப்புகளின் கூட்டலை வர்க்கப்படுத்துவது, வரைபடத்தின் சாய்வைப் படிப்பது. எளிய கால்குலேட்டர் ஒன்று போதும். "உயிரியலில் கணக்கு எதற்கு" என்று தள்ளிவிடுபவர்களே நான்காம் படியில் நின்றுவிடுகிறார்கள்.

2. நான்கு அடுக்குகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தனி உயிரி, இனக்கூட்டம், உயிரினச் சமுதாயம், சூழல் மண்டலம். இனக்கூட்டம் என்பது ஒரே இடத்தில், ஒரே காலத்தில் வாழ்ந்து, தமக்குள் இனப்பெருக்கம் செய்யக்கூடிய ஒரே இனத்து உயிரிகளின் தொகுதி. அங்கே வாழும் எல்லா இனங்களின் இனக்கூட்டங்களும் சேர்ந்தால் சமுதாயம். அதனுடன் நீர், மண், ஒளி, கனிமங்கள் ஆகிய உயிரற்றவையும் சேர்ந்தால் சூழல் மண்டலம்.

வரையறையை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் எழுவாய் எது என்று பார்க்கப் பழகுங்கள். பிறப்பதும் இறப்பதும் தனி உயிரி. பரிணமிப்பது இனக்கூட்டம். போட்டியும் இரையுண்ணலும் சமுதாயத்துக்குள் நடப்பவை. ஆற்றல் பாய்வது சூழல் மண்டலத்தில். "விலங்கு தன்னைச் சூழலுக்கேற்ப மாற்றிக்கொண்டு பரிணமித்தது" என்ற வாக்கியம் அறிவியலில் தவறுவதற்கு முன்பே எழுவாயில் தவறிவிட்டது.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே இனமாக இருந்தாலும், நடுவில் கடக்க முடியாத மலை இருந்தால் இரு பக்கமும் இருப்பவை இரண்டு இனக்கூட்டங்கள். கேள்வியில் எண் எதைக் குறிக்கிறது, ஒரு இனக்கூட்டத்தையா, முழு இனத்தையா என்று முதலில் பாருங்கள்.

3. அல்லீல்களை எண்ணிப் பழகுங்கள்

பரிணாமத்துக்கு மிகச் சிறிய, எண்ணிப் பார்க்கக்கூடிய வரையறை ஒன்று உண்டு: ஒரு இனக்கூட்டத்தில் அல்லீல்களின் விகிதம் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவது. ஆகவே எண்ணத் தெரிய வேண்டும்.

பூநிறத்தில் முழு ஓங்குதன்மை இல்லாத (ஒரு அல்லீல் மற்றதை முழுதாக மறைக்காத) ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். சிவப்புப் பூ என்றால் இரண்டும் சிவப்பு அல்லீல்; வெள்ளை என்றால் இரண்டும் வெள்ளை அல்லீல்; இளஞ்சிவப்பு என்றால் இரண்டிலும் ஒவ்வொன்று. ஒரு நிலத்தில் 500 செடிகள்: சிவப்பு 245, இளஞ்சிவப்பு 210, வெள்ளை 45.

செடிகள் 500 என்றால் அல்லீல்கள் 1,000. சிவப்பு அல்லீல்கள்: 245 × 2 + 210 = 700. வெள்ளை அல்லீல்கள்: 45 × 2 + 210 = 300. விகிதம் 0.7, 0.3. இரண்டையும் கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் அங்கேயே நிறுத்தித் திரும்ப எண்ணுங்கள்.

இங்கே வழக்கமாக நேரும் தவறு, செடிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவது. நாம் எண்ணுவது அல்லீலை, எனவே வகுக்க வேண்டியதும் மொத்த அல்லீல்களால்தான்.

4. ஹார்டி–வீன்பெர்க்: எதுவும் நடக்காவிட்டால் என்ன இருக்கும்?

மாணவர்கள் அதிகம் பயப்படும் இடமும், புரிந்துவிட்டால் அதிகம் கைகொடுக்கும் இடமும் இதுதான். நிதானமாகப் போவோம்.

ஒரு அல்லீலின் விகிதம் ப, மற்றதன் விகிதம் க என்று வைத்துக்கொள்ளுங்கள். கலப்பு தற்செயலாக நடந்தால் அடுத்த தலைமுறையில் ஜீனோடைப்கள் ப² + 2பக + க² = 1 என்ற விகிதத்தில் அமையும்; இதுவே ஹார்டி–வீன்பெர்க் சமநிலை. இதற்கு ஐந்து நிபந்தனைகள்: சடுதிமாற்றம் (மரபணுவில் புதிதாகத் தோன்றும் மாற்றம்) இல்லை, இடப்பெயர்ச்சி இல்லை, தேர்வு இல்லை, இனக்கூட்டம் மிகப் பெரியது, கலப்பு தற்செயலானது.

இயற்கையில் இவை ஐந்தும் ஒருங்கே அமைவதில்லையே, பிறகு இது எதற்கு என்று கேட்பார்கள். மாற்றம் நடந்திருக்கிறதா என்று சொல்ல, மாற்றம் இல்லாவிட்டால் என்ன இருந்திருக்கும் என்று தெரிய வேண்டும். அந்த ஒப்பீட்டு அளவைத்தான் இந்தச் சமன்பாடு தருகிறது.

முன் படியின் செடிகளைச் சோதிப்போம். ப = 0.7, க = 0.3. எதிர்பார்ப்பு: சிவப்பு 0.49 × 500 = 245; இளஞ்சிவப்பு 0.42 × 500 = 210; வெள்ளை 0.09 × 500 = 45. எண்ணியதும் இதுவே. சமநிலை பொருந்துகிறது.

இப்போது இன்னொரு நிலம். அங்கும் 500 செடிகள்: சிவப்பு 280, இளஞ்சிவப்பு 140, வெள்ளை 80. எண்ணிப் பாருங்கள்: சிவப்பு அல்லீல் 560 + 140 = 700. விகிதம் அதே 0.7, அதே 0.3. ஆனால் இளஞ்சிவப்பு 210 இருக்க வேண்டிய இடத்தில் 140தான் இருக்கிறது. கலப்பு நிலை (இரண்டு வேறு அல்லீல்கள் சேர்ந்திருப்பது) குறைந்து, இரண்டு ஓரங்களும் கூடியிருக்கின்றன. தன்மகரந்தச் சேர்க்கை நடக்கும் செடிகளில் பார்க்கக்கூடிய அடையாளம் இது.

இந்த இரண்டாவது நிலத்தை இரண்டு காரணங்களுக்காக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சமநிலையிலிருந்து விலகல் இருந்தாலே பரிணாமம் நடந்துவிட்டது என்று எழுதக் கூடாது. தன்மகரந்தச் சேர்க்கை ஜீனோடைப்களை மறுபடி அடுக்குகிறது. அது மட்டுமாக அல்லீல் விகிதத்தை மாற்றுவதில்லை.

இரண்டாவது, வர்க்கமூலப் பொறி. வெள்ளைச் செடிகள் 80 ÷ 500 = 0.16; வர்க்கமூலம் எடுத்தால் க = 0.4. ஆனால் நேரடியாக எண்ணியபோது 0.3தான். வர்க்கமூலம் எடுப்பதென்றால் சமநிலை இருக்கிறது என்று முன்கூட்டியே ஏற்றுக்கொள்வது. அப்படிக் கிடைத்த எண்ணை வைத்தே "சமநிலை இருக்கிறது" என்று நிரூபிக்கப் பார்ப்பது வட்டத்தில் சுற்றுவதாகும். மூன்று வகையும் கண்ணுக்குத் தெரிந்தால் எண்ணுங்கள். முழு ஓங்குதன்மையால் கலப்பு நிலை மறைந்திருந்து, சமநிலை என்று கேள்வியே சொல்லியிருந்தால் மட்டும் வர்க்கமூலம் எடுங்கள்.

ஓங்கு அல்லீல் காலப்போக்கில் பெருகிவிடும் என்ற எண்ணத்தையும் இங்கேயே களைந்துவிடுங்கள். ஓங்குதன்மை என்பது கலப்பு உயிரியில் எது வெளியே தெரிகிறது என்பது பற்றியது. எத்தனை சந்ததி பிறக்கும் என்பதைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை.

5. விகிதத்தை மாற்றுபவை

சடுதிமாற்றம், மரபணு ஓட்டம், மரபியல் நகர்வு, இயற்கைத் தேர்வு. இந்த நான்கும் அல்லீல் விகிதத்தை மாற்றுகின்றன. ஐந்தாவது நிபந்தனையான தற்செயல் கலப்பு குலைந்தால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

சடுதிமாற்றம் தேவைக்காக வருவதில்லை. இதை நம்ப வைக்கச் சொற்களைவிட ஒரு சோதனை உதவும். 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் இருவரும், மருந்து இல்லாத தட்டில் பாக்டீரியாக் கூட்டங்களை வளர்த்து, அதன் மேல் வெல்வெட் துணியை அழுத்தி எடுத்து, அதே அமைப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த தட்டுகளில் பதித்தார்கள். பிழைத்த கூட்டங்கள் வெவ்வேறு தட்டுகளிலும் ஒரே இடங்களில் தோன்றின. முதல் தட்டில் அதே இடத்தில் இருந்த, மருந்தையே சந்திக்காத பாக்டீரியாவைச் சோதித்தால் அதிலும் எதிர்ப்புத்திறன் இருந்தது. எனவே "மருந்தைக் கண்டதும் பாக்டீரியா எதிர்ப்புத்திறனை வளர்த்துக்கொண்டது" என்று எழுதாதீர்கள். எதிர்ப்புள்ளவை முன்பே இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்றது.

மரபணு ஓட்டம் எளிது: இடம்பெயரும் உயிரிகள் அல்லீல்களைக் கொண்டுவருகின்றன, கொண்டுபோகின்றன. இரண்டு இனக்கூட்டங்களை அது ஒன்றுபோலாக்கும்.

மரபியல் நகர்வு என்பது தற்செயலாக மட்டுமே அல்லீல் விகிதம் மாறுவது. அதைக் கையால் செய்து பாருங்கள். நாணயத்தை 20 முறை சுண்டுங்கள். 10 உயிரிகளின் 20 அல்லீல்கள் அவை. தலை 13, பூ 7 என்று வந்தால் ஒரே தலைமுறையில் விகிதம் 0.5இலிருந்து 0.65க்குப் போய்விட்டது. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு தலைமுறையில் எதிர்பார்க்கும் திட்டவிலக்கம் (விகிதம் வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு), பக ÷ (2 × உயிரிகளின் எண்ணிக்கை) என்பதன் வர்க்கமூலம். 10 உயிரிகளுக்கு அது சுமார் 0.11, 1,000 உயிரிகளுக்கு 0.011. சிறிய இனக்கூட்டங்களைக் காப்பது ஏன் அவசரமானது என்பதற்கு இந்த இரண்டு எண்களே பதில். வடக்கு யானைச் சீல்கள் 19ஆம் நூற்றாண்டு வேட்டையில் ஒரு சிறு எச்சமாகக் குறைந்து, பிறகு ஒரு லட்சத்துக்கும் மேல் பெருகின. எண்ணிக்கை மீண்டது, இழந்த மரபணு வேறுபாடு மீளவில்லை.

6. இயற்கைத் தேர்வை ஒரு தீவில் பாருங்கள்

தேர்வுக்கு மூன்று தேவை: பண்பில் வேறுபாடு, அது மரபுவழி கடத்தப்படுவது, அதைப் பொறுத்துச் சந்ததியின் எண்ணிக்கை மாறுவது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் தேர்வால் பரிணாமம் நடக்காது. விடை எழுதும்போது மூன்றையும் காட்டுங்கள்; இரண்டை எழுதிவிட்டு, மரபுவழி கடத்தலை விட்டுவிடுபவர்களே அதிகம்.

கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜர் தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் குருவி இனங்களை ஒவ்வொன்றாக வளையமிட்டு, அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. நடுத்தர நிலக்குருவிகள் விரும்பித் தின்ற சிறு விதைகள் தீர்ந்துபோயின. எஞ்சியவற்றில் முக்கியமானவை நெருஞ்சி இனத்தைச் சேர்ந்த முட்காய்கள். கெட்டியானவை, உடைக்கத் தடித்த அலகு வேண்டும். குருவிகளில் பெரும்பகுதி மடிந்தது. தப்பியவற்றின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முன்பிருந்ததைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் கூடுதல். அவற்றின் குஞ்சுகளும் தடித்த அலகோடு வளர்ந்தன.

எந்த ஒரு குருவியின் அலகும் வறட்சியில் தடிக்கவில்லை. மெல்லிய அலகுள்ளவை அதிகம் செத்ததால் சராசரி நகர்ந்தது. குஞ்சுகளை அளந்ததால்தான் அது பரிணாமம் என்று சொல்ல முடிந்தது. தப்பியவற்றை மட்டும் அளந்திருந்தால் தேர்வு நடந்தது என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

1982–83இல் எல் நினோ கொட்டிய மழையில் சிறு விதைகள் பெருகின. அடுத்து வந்த ஆண்டுகளில் சிறு அலகுக்காரர்கள் முந்தினார்கள். தேர்வுக்குத் திசையும் இலக்கும் கிடையாது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை. "மேம்பட்ட", "உயர்ந்த" போன்ற சொற்களை விடைத்தாளிலிருந்து நீக்கிவிடுங்கள். "அந்தச் சூழலில் அதிகச் சந்ததி விட்ட" என்பதே தகுதி.

தீங்கான அல்லீல் ஏன் மறைவதில்லை என்ற கேள்விக்கு அரிவாள் செல் அல்லீலைச் சொல்லலாம். இரண்டும் அதுவானால் கடும் நோய். ஒன்று மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. மலேரியா உள்ள பகுதிகளில் கலப்பு நிலையினருக்குக் கிடைக்கும் இந்த நன்மை அந்த அல்லீலைத் தக்கவைக்கிறது.

7. எண்ணிக்கையின் கணக்கு

இதுவரை விகிதம், இனி எண்ணிக்கை. பிறப்பும் உள்வருகையும் கூட்டும்; இறப்பும் வெளியேற்றமும் குறைக்கும். இந்த நான்கைத் தவிர வேறு வழியில்லை. வறட்சி, நோய், போட்டி எதுவானாலும் நான்கில் எதன் வழியாகச் செயல்படுகிறது என்று எழுதுங்கள்.

கட்டுப்பாடு இல்லாவிட்டால் அடுக்குக்குறி வளர்ச்சி. தாங்குதிறன் (அந்த இடம் தாங்கக்கூடிய எண்ணிக்கை) இருந்தால் லாஜிஸ்டிக் வளர்ச்சி: கூடும் எண்ணிக்கை = வளர்ச்சி வீதம் × இருப்பு × (1 − இருப்பு ÷ தாங்குதிறன்). வீதம் 0.5, தாங்குதிறன் 1,000 என்று வைத்து மூன்று புள்ளிகளைப் போட்டுப் பாருங்கள். இருப்பு 100 என்றால் 45 கூடும். 500 என்றால் 125. 900 என்றால் மறுபடி 45. தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் 0.45, 0.25, 0.05 எனக் குறைந்துகொண்டே வரும். "வளர்ச்சி எப்போது உச்சம்" என்ற கேள்வியில் மொத்தமா, தலைக்கா என்று பார்க்காமல் மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம்.

தாங்குதிறன் ஒரு சுவர் என்று நினைக்காதீர்கள். பெரிங் கடலின் செயின்ட் மேத்யூ தீவில் 1944இல் 29 கலைமான்கள் விடப்பட்டன. 1957இல் 1,350, 1963இல் சுமார் 6,000, 1966இல் 42. மான்கள் குளிர்கால உணவான லைக்கன் என்னும் பூஞ்சை–பாசிக் கூட்டுயிரியை மேய்ந்து தீர்த்திருந்தன. அது மெதுவாகவே வளரும். கடும் பனிக்காலம் வந்தபோது தின்ன எதுவும் இல்லை. எண்ணிக்கை தாங்குதிறனைத் தாண்டலாம், தாண்டும்போது தாங்குதிறனையே குறைத்தும் விடலாம்.

எண்ணிக்கையை எப்படி அறிவது? பிடித்து, குறியிட்டு, விட்டு, மறுபடி பிடிக்கும் முறை. முதலில் 60ஐக் குறியிட்டு, பிறகு பிடித்த 80இல் 12 குறியுள்ளவை என்றால், 60 × 80 ÷ 12 = 400. குறி உதிர்ந்துவிட்டால் 12 என்பது குறைந்து மதிப்பீடு கூடிவிடும். ஒருமுறை மாட்டியவை பொறிக்குப் பயந்து ஒதுங்கினாலும் அப்படியே.

8. இனங்களுக்கு இடையே

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், பாடநூலே போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ராபர்ட் பெய்ன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரைப் பாறைகளிலிருந்து ஒரு நட்சத்திர மீன் இனத்தை அகற்றியபோது, அதன் இரையான சிப்பிகள் பாறையை நிறைத்து மற்ற இனங்களை வெளியே தள்ளின. இரையுண்ணி போனால் இனங்கள் பெருகும் என்று அவசரமாக எழுதாமல், அது யாரைக் கட்டுக்குள் வைத்திருந்தது என்று கேளுங்கள்.

9. ஆற்றலைப் பிரித்துக் கணக்கிடுங்கள்

ஆற்றல் பாய்ந்து வெளியேறும், பொருள் சுழலும். உணவு வலையில் அம்புக்குறி உண்ணப்படுவதிலிருந்து உண்பதை நோக்கிப் போக வேண்டும், ஏனெனில் அது ஆற்றல் போகும் திசை.

"ஒவ்வொரு ஊட்ட மட்டத்திலும் (உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும்) 90 சதவீதம் வெப்பமாகப் போகிறது" என்ற வாக்கியத்தை விடைத்தாள்களில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டாக ஒரு புல்வெளியைக் கணக்கிடுவோம். ஒளிச்சேர்க்கையில் பிடித்த மொத்த ஆற்றல் 20,000 கிலோஜூல்; தாவரங்களின் சுவாசம் 8,000; நிகரம் 12,000. அதில் தாவர உண்ணிகள் தின்றது 6,000. மீதி 6,000 உண்ணப்படாமல் உதிர்ந்தது. தின்றதில் 2,400 கழிவு, உட்கிரகித்தது 3,600. அதில் சுவாசம் 2,400. உடலாக மாறியது 1,200. நிகரத்தில் சரியாகப் பத்து சதவீதம்.

ஆனால் தாவர உண்ணிகளின் வெப்பமாகப் போனது 2,400 மட்டுமே. உதிர்ந்ததும் கழிவுமாக 8,400 கிலோஜூல் சிதைப்பவைகளிடம் போயிருக்கிறது. உணவுச் சங்கிலியின் ஓரத்தில் ஒப்புக்காக எழுதப்படும் சிதைப்பவைதான் இந்தக் கணக்கில் பெரிய பங்குதாரர். அவையும் சுவாசிப்பதால் இறுதியில் பெரும்பகுதி வெப்பமாவது உண்மை. வழியை விட்டுவிட்டு முடிவை மட்டும் எழுதுவதுதான் தவறு. பத்து சதவீதமும் ஒரு தோராயச் சராசரியே. இடத்துக்கு இடம் மாறும்.

ஆற்றல் பிரமிடு ஒருபோதும் தலைகீழாகாது. உயிர்நிறைப் பிரமிடு ஆகலாம்: கடலில் மிதவைத் தாவரங்களின் நிறை, அவற்றை உண்ணும் மிதவை விலங்குகளின் நிறையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். மிதவைத் தாவரங்கள் சில நாட்களில் பெருகி, பெருகிய வேகத்திலேயே உண்ணப்படுகின்றன. பிரமிடு ஒரு நொடியின் இருப்பைக் காட்டுகிறது. உற்பத்தி வேகத்தைக் காட்டுவதில்லை.

10. இரு பக்கத்தையும் ஒரே ஓடையில் இணையுங்கள்

ட்ரினிடாட் தீவின் ஓடைகளில் கப்பி மீன்கள் வாழ்கின்றன. சில இடங்களில் வளர்ந்த கப்பிகளைத் தின்னும் பெரிய இரையுண்ணி மீன்கள் உண்டு. அருவிகளுக்கு மேலே அவை இல்லை. இரையுண்ணி உள்ள இடத்துக் கப்பிகள் சிறிய உருவிலேயே விரைவாக முதிர்ந்து, நிறையக் குஞ்சுகளை ஈனும். டேவிட் ரெஸ்னிக், ஜான் எண்ட்லர் ஆகியோரின் குழு அவற்றைப் பெரிய இரையுண்ணி இல்லாத, கப்பியே இல்லாத பகுதிக்கு மாற்றியது. 11 ஆண்டுகளில் அவற்றின் வழித்தோன்றல்கள் தாமதமாக, பெரிய உருவில் முதிர்பவையாக மாறியிருந்தன.

நல்ல மாணவர் இங்கே கேட்க வேண்டிய கேள்வி: உணவும் நீரும் மாறியதால் வளர்ச்சி மாறியிருக்கலாமே? அதனால்தான் மீன்களை ஆய்வகத்தில் ஒரே நிலையில் வளர்த்து, இரண்டாம் தலைமுறையில் ஒப்பிட்டார்கள். வேறுபாடு அங்கும் நீடித்தது, அது மரபுவழியானது.

பின்னர் நடந்த செயற்கை ஓடைச் சோதனைகள், இந்த இருவகைக் கப்பிகளும் ஒரே மாதிரி உண்பதில்லை என்று காட்டின. ஒரு வகை பூச்சிப் புழுக்கள் போன்றவற்றைக் கூடுதலாகத் தின்றது. மற்றது பாசியையும் மட்கையும் கூடுதலாகத் தின்றது. அதனால் ஓடையின் பாசி அளவும், உற்பத்தித்திறனும், இலைகள் மட்கும் வேகமும் மாறின.

இந்த எடுத்துக்காட்டை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். இரையுண்ணியிலிருந்து கப்பிகளின் இறப்புக்கு ஒரு அம்பு. அங்கிருந்து அல்லீல் விகிதத்துக்கு. அதிலிருந்து உணவுப் பழக்கத்துக்கு. அதிலிருந்து பாசிக்கும் மட்கும் வேகத்துக்கும். ஒவ்வொரு அம்பின் மேலும் எந்த அடுக்கில் நடக்கிறது, எதை அளந்தால் தெரியும் என்று எழுதுங்கள். எந்த அம்பின் மேல் எழுத வரவில்லையோ, அந்தப் படிக்குத் திரும்பிப் போய் அதை மட்டும் மறுபடி படியுங்கள்.